நோவா ஏற்றிய மீன்

கனடாவில் இருக்கும் என் மகள் தன் மூன்று பிள்ளைகளையும் இனிப் பள்ளிக்கூடத்துக்கு விடப்போவதில்லையாம். வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கப் போகிறாளாம். அதற்கென்று வேதக்கதையும் வாசிப்பும் கணக்கும் சேர்த்துப் போட்ட புத்தகங்கள் பெட்டி பெட்டியாக விற்கிறார்களாம். போன கிழமை வட்ஸ்அப்பில் அந்தப் பெட்டிகளைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு லெவல்.

"அம்மா, மூத்தவனுக்குப் பதினொண்டு, நடுவிலாளுக்கு எட்டு, கடைசிக்கு ஆறு. மூண்டு பேருக்கும் மூண்டு லெவல் எடுத்தால் எனக்கு மண்டை வெடிச்சிடும். ஒரே லெவலிலை மூண்டையும் இருத்தலாமோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. என்னிடம் போய் இதைக் கேட்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசப் புளுகமாகவும் இருந்தது. போனில் எனக்குப் பேச்சு வராது. "ஓம் பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். யோசிக்க உட்கார்ந்தால், நோவாவின் பேழையில் ஏறிய மீன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு ஏழு. எங்கள் ஊர் மேற்குக் கரையில். சோளகக் காற்றுத் தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடல் ஒருவர் சொல்லும் கேளாது. அந்த நாலைந்து மாதமும் ஊரில் பாதிக் குடும்பங்கள் சட்டி பானை, வலை, கோழி, அந்தோனியார் சுரூபம் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வடமராட்சி கிழக்குக் கரைக்குப் போய்விடும். அங்கே கடல் அப்போது குளம்போலக் கிடக்கும். கரையில் ஓலையால் வாடி போட்டுக்கொண்டு, ஆண்கள் கரைவலை இழுப்பார்கள், பெண்கள் கருவாடு போடுவார்கள், நாங்கள் கருவாட்டுக்கு வருகிற காகத்தைக் கலைப்போம். பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் வாடிக்குப் போவதென்றால் எங்களுக்குப் பெருநாள்தான்.

வில்லங்கமும் அதிலேதான் இருந்தது. திரும்பி வரும்போது வகுப்பு எங்களை விட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கும். முந்தின வருசம் நான் மூன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டேன். இந்த முறையும் நின்றால், இரண்டாம் வகுப்பிலிருந்து ஏறி வருகிற தம்பி அதே வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்காருவான். நான் மறந்தாலும் அவன் மறக்கமாட்டான்.

"சின்னக்கா, வாங்கிலை ஜன்னல் பக்கம் எனக்கு. இப்பவே சொல்லிப்போட்டன்."

நான் வாய் திறக்காத பிள்ளை. வந்த கோபமெல்லாம் உள்ளேயே கிடந்து புளித்தது.

அந்த வருசம் எங்கள் மாதா கோயிலுக்கு ஒரு புது சிஸ்டர் வந்திருந்தார். வாடிக்குப் போகிற பிள்ளைகளுக்கென்று அவரே நாலு புத்தகம் எழுதி, ரோணியோவில் அடித்து, நூலால் தைத்து, நிற மட்டை போட்டிருந்தார். நீலத்தில் அனா ஆவன்னாவும் கடவுள் உலகத்தைப் படைத்த கதையும். மஞ்சளில் நோவா. பச்சையில் மீன் வயிற்றுக்குள் இருந்த யோனா. சிவப்பில் யோசேப்பை அண்ணன்மார் விற்றது. ஒவ்வொரு கதைக்கும் பின்னால் கணக்கு, கையெழுத்து, ஒரு செபம். பச்சையை முடித்துக்கொண்டு வருகிற பிள்ளையை நாலாம் வகுப்பில் ஏற்றுவது என்று பள்ளிக்கூடத்தோடு பேசியும் வைத்திருந்தார். எனக்குப் பச்சை வேண்டும். தம்பிக்கு அது கிடைக்கக்கூடாது. கிடைத்தால் நான் எந்த வகுப்புக்கு ஏறினாலும் அவனும் கூட ஏறுவான்.

லொறி வருவதற்கு முதல் நாள் பின்னேரம் சிஸ்டர் நாலு புத்தகத்தையும் கொண்டுவந்து எங்கள் முற்றத்து வாங்கில் வைத்தார்.

"ஆருக்கு எது எண்டு தாய்தான் பாக்க வேணும். அங்கை இருத்திப் படிப்பிக்கப் போறதும் நீங்கள்தானே" என்று அம்மாவிடம் சொன்னார். "கதையை வாசிக்கச் சொல்லுங்கோ. அஞ்சு இடத்துக்கு மேலை தடக்கினால் அதுதான் அந்தப் பிள்ளையின்ரை புத்தகம். தடக்காட்டில் அடுத்த நிறம். நான் மற்ற வீடுகளுக்கும் போட்டு வாறன்."

அம்மா பலகையும் கத்தியுமாக மீன் வெட்டிக்கொண்டிருந்தார். புத்தகங்களை எட்டிப் பார்த்தார், தொடவில்லை.

"என்ரை கையெல்லாம் செதில். நீங்கள் வாசியுங்கோ, நான் கேக்கிறன்."

தடக்கலை எண்ணுவதற்கு அம்மா ஒரு முறை வைத்தார். வாசிக்கிற ஆள் நின்றால் ஒரு மீன் தலை பலகையின் ஓரத்துக்குப் போகும். அக்கா சிவப்பை எடுத்து லொறி மாதிரி ஓடினாள். மூன்று தலை. அதற்கு மேல் நிறம் இல்லாதபடியால் சிவப்பே அவளுக்கு. நான் பச்சையை எடுத்தேன். எழுத்து எனக்குத் தடக்கவில்லை. யாராவது என்னைப் பார்த்தால் வெட்கம் வந்து தடக்கும். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். அரைப் பக்கத்துக்குள் ஏழு தலை.

"இவளுக்குப் பச்சை" என்றார். எனக்குச் சந்தோசம்.

தம்பி மஞ்சளை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். நோவா கதை கோயிலில் கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடம். முதல் இரண்டு வரியைப் பார்த்தான். பிறகு புத்தகத்தைப் பார்க்கவேயில்லை. அக்கா லொறியில் கட்டுவதற்குக் கோழியைத் துரத்திக்கொண்டு பின்வளவுக்குப் போயிருந்தாள். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வாய் ஒரு பக்கம் போகிறது, புத்தகம் ஒரு பக்கம் கிடக்கிறது.

"யானை இரண்டு. புலி இரண்டு. ஆடு இரண்டு. மாடு இரண்டு." இவ்வளவில் அவனுக்கு மிருகம் முடிந்துவிட்டது. நின்றால் தலை விழும். கண் அம்மாவின் பலகைக்குப் போனது. "பாரை இரண்டு. விளை இரண்டு. ஓரா இரண்டு. திருக்கை இரண்டு."

அம்மாவின் கத்தி நின்றது. "மீனை ஏன் ஏத்தினவர்?"

"ஏத்தினவராம்."

"வெள்ளத்திலை மீன் சாகுமே?"

"எனக்கென்ன தெரியும்? இஞ்சை அப்பிடித்தான் போட்டுக் கிடக்கு."

வேலியோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல் சொன்னார். "நாப்பது நாள் மழையெண்டால் ஐசும் ஏத்தியிருக்க வேணுமெல்லோ."

"நீங்கள் சும்மா இருங்கோ, வேதக்கதை." அம்மா கொஞ்சம் யோசித்தார். "சிஸ்டர் பாவம். தோட்டம் செய்யிற ஆக்களின்ரை வீட்டிலை பிறந்த மனுசி. மீனைச் சட்டிக்குள்ளைதான் கண்டிருப்பா. தெரியாமல் எழுதிப்போட்டா."

தம்பி கடைசிவரை ஓரிடத்திலும் நிற்கவில்லை. பலகையோரம் வெறுமையாகக் கிடந்தது.

"ஒரு தலையும் இல்லை. அப்ப இவனுக்கும் பச்சை."

அந்தப் பக்கத்தில் மீன் இல்லை அம்மா. இந்த ஐந்து சொல்லும் தொண்டை வரைக்கும் வந்து வரிசையாக நின்றன, வெளியே வரவில்லை. தம்பி என்னைப் பார்த்து, காற்றில் ஒரு ஜன்னலைத் திறந்து காட்டினான்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது அம்மா கை கழுவி, தலை முடிந்து, சீலையைச் சரிசெய்து நின்றார்.

"சிஸ்டர், குறை நினைக்கக்கூடாது. உங்கடை புத்தகத்திலை ஒரு பிழை கிடக்கு. நோவா மீனையும் ஏத்தினதெண்டு போட்டிருக்கிறியள்."

சிஸ்டர் மஞ்சளைத் திறந்து அம்மாவின் பக்கம் நீட்டினார். "எவடத்திலை? காட்டுங்கோ பாப்பம்."

அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். செதில் கழுவி எவ்வளவோ நேரமாகியிருந்தது. "மாட்டுக்குப் பிறகு" என்றார்.

சிஸ்டர் பக்கத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி பெருவிரலால் மணலைக் கிண்டினான்.

"ஓம்" என்றார் சிஸ்டர். "அது என்ரை பிழைதான். திருத்திவிடுறன்." பைக்குள்ளிருந்து பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தில் என்னவோ கீறினார். சிஸ்டர்மார் பொய் சொல்லமாட்டார்கள் என்று நான் நம்பியிருந்த காலம். புத்தகத்தில் உண்மையாகவே மீன் இருந்ததோ, எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லையோ என்று ஒரு கணம் பயந்துபோனேன்.

அம்மா அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியை, நீண்ட நேரம். அவன் காது சிவந்திருந்தது.

"சிஸ்டர், இவனுக்குப் பச்சை வேண்டாம்."

"அப்ப மஞ்சளோ?"

"நீலம்."

தம்பி குழறி அழுதான். "அம்மா, நீலத்திலை அனா ஆவன்னாதான் இருக்கு."

"அதுதான். அடியிலையிருந்து வரட்டும்."

சிஸ்டர் உடனே சம்மதித்தார். "நல்லது. ஆனால் ஒண்டு. தாயும் பக்கத்திலை இருந்து, ஒவ்வொரு எழுத்தாய் அவனோடை சேர்ந்து எழுத வேணும். தனியப் படிக்க விடாதையுங்கோ." சிவப்பையும் என் பச்சையையும் நீலத்தையும் அடுக்கிவிட்டு, நீலத்துக்குக் கீழே அந்த மஞ்சளையும் இன்னொரு பச்சையையும் வைத்துக் கட்டினார். "தேவைப்பட்டால் எடுங்கோ."

தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாவுக்கு என்னில்தான் விருப்பம் கூட என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.

வாடியில் முதல் இரண்டு நாளும் தம்பி நீலப் புத்தகத்தில் குந்தியிருந்தான், அதாவது அதை மணலில் போட்டு அதன்மேல். மூன்றாம் நாள் கருவாட்டுப் பாயைப் புரட்டிக்கொண்டே அம்மா கேட்டார்.

"உனக்கு எல்லாம் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப எனக்குப் படிப்பி. நான் ஒண்டும் தெரியாத மக்குப் பிள்ளை, நீ வாத்தியார்."

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. காகம் கலைக்கிற பூவரசங்கம்பைப் பிரம்பாக எடுத்தான். அலை வந்து போகிற ஈரமணல் கரும்பலகையானது. அவன் இரண்டு கை விரித்த நீளத்துக்கு அனா எழுதுவான். அம்மா பக்கத்தில் முழங்காலில் இருந்து விரலால் எழுதுவார். முடிப்பதற்குள் கடல் வந்து அழித்துவிடும். முதலாவது அனாவை எழுதி முடிக்க அம்மாவுக்கு ஆறு அலை எடுத்தது.

"சுழி எங்கை? சுழி போடாட்டில் அது அனாவோ? முழங்காலிலை விட்டிடுவன்."

"முழங்காலிலைதான் வாத்தியார் நிக்கிறன்."

நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா அவ்வளவு அச்சாவாக நடித்தார். பென்சில் பிடிக்கிறபோது கரண்டி பிடிக்கிற மாதிரிப் பிடிப்பார். மூன்று சுழி ணகரத்துக்கு நாலு சுழி போடுவார். கோயில் கூத்தில் ராணி வேசத்துக்கு அம்மாவைக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா முதலில் சிரித்தாள். சில நாட்களுக்குப் பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு வயது வந்துவிட்டது, விளையாட்டுப் பிடிக்காமல் போய்விட்டது என்று எண்ணினேன்.

அடுத்த வாடிப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, பேரப்பிள்ளை காணுற வயசிலை அனா எழுதுறாய்?" என்று பகிடி பண்ணுவார்கள். "சின்னவனுக்காகத்தான் அக்கா, அவன் தனியப் படிக்கமாட்டானாம்" என்பார் அம்மா.

ஒருநாள் மத்தியானம் வாத்தியார் வலைக்குவியலில் நித்திரை. அம்மா தனியே கரையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. அலை அழித்தது, எழுதினார். திரும்ப அழித்தது, திரும்ப எழுதினார். ஆள் இல்லாத இடத்திலும் இப்படி நடிக்கிறாரே என்று எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒன்றரை மாதத்தில் நீலம் முடிந்தது. அம்மா கட்டைப் பிரித்து மஞ்சளை எடுத்தார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. மஞ்சளுக்கு அடுத்தது பச்சை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் துரத்திக்கொண்டு வருகிறார்கள்.

"பின்னாலை ஆள் வருது. ஓடு ஓடு" என்று அப்பா வலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறபோது சொல்லிவிட்டுப் போவார்.

நான் ஓடினேன். விடியவே எழுந்து பச்சையை எடுத்தேன். கழித்தல் கணக்கைக் கருவாட்டை வைத்துச் செய்தேன். அம்மா சும்மா விடவில்லை. கருவாட்டுப் பாயின் மறுபக்கத்தில் இருந்துகொண்டு, "அந்த வசனத்தைத் திரும்ப வாசி, காகத்துக்கும் கேக்கட்டும்" என்பார். "அந்தச் சொல்லிலை எத்தினை எழுத்து? எண்ணிச் சொல்லு" என்பார். வெட்கப்பட நேரமில்லாமல் என் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

ஒரு பின்னேரம் மஞ்சளில் அந்தப் பக்கம் வந்தது. தம்பிக்கு முதலே தெரிந்துவிட்டது.

"அம்மா, உந்தக் கதை தெரிஞ்சதுதானே. அடுத்ததுக்குப் போவம்."

"இல்லை வாத்தியார். நான் வாசிக்க வேணும்."

அம்மா விரலை வைத்தார். எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தார். "ஆ... டு, ஆடு. இ... ரண்டு. மா... டு, மாடு. இ... ரண்டு." விரல் அடுத்த வரிக்குப் போனது. "பி... ற... கு, பிறகு. ம... ழை... மழை பெய்தது."

விரல் நின்றது. திரும்பி மாட்டுக்குப் போனது. மறுபடி மழைக்கு வந்தது. பக்கத்தைத் திருப்பினார், திரும்பவும் வந்தார்.

"மீன் இல்லை" என்றார்.

தம்பி எழுந்து மெல்ல நகர்ந்தான்.

"மீன் இல்லை" என்று அம்மா இன்னொரு முறை சொன்னார். "பாரை இல்லை, விளை இல்லை, ஒண்டும் இல்லை." பிறகு விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார். மாடு இரண்டு என்ற இடத்துக்குப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்ன மீன் கீறிக் கிடந்தது. வாலும் கண்ணுமாக.

அம்மாவுக்குச் சிரிப்புத் தொடங்கியது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார், கண்ணைத் துடைத்தார், திரும்பப் பொத்தினார். அடி விழப்போகிறது என்று தம்பி இடுப்பளவு தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டான். கயிறு இழுத்துக்கொண்டிருந்த அப்பா, "என்னவாம்?" என்று கத்தினார்.

"மீன் ஏத்தேல்லையாம்" என்று அம்மா கத்தினார்.

"அப்ப ஐஸ் மிச்சம்."

அம்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "நீ பார். இந்தப் பக்கத்திலை மீன் இருக்கோ?"

"இல்லை அம்மா."

"நான் வாசிச்சது சரியோ?"

"சரி."

"உனக்கு அண்டைக்கே தெரியுமோ?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"வெக்கம்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கருவாடு மணக்கிற கையால் என் தலையைத் தடவினார். "அது என்ரை பிள்ளைதான்" என்றார்.

ஒரு பழைய பகிடிக்கு இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்குத் தம்பிக்கு அடி விழவில்லை. பாரைமீனின் நடுத்துண்டு விழுந்தது, அவன் சோற்றுக் கோப்பையில்.

காற்று மாறி நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது சிஸ்டர் கோயில் விறாந்தையில் மேசை போட்டு ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையாகக் கூப்பிட்டார். அக்கா சிவப்பை முடித்திருந்தாள். நான் யோனா கதையைக் கோயில் முற்றத்துக் காகமெல்லாம் எழும்பிப் போகிற மாதிரி வாசித்தேன். கழித்தல் கணக்கும் பிழைக்கவில்லை. எனக்கு நாலாம் வகுப்பு. தம்பி இந்த முறை புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசித்தான். மஞ்சள் முழுக்கச் சரி, பச்சையிலும் பாதி வந்திருந்தான். மூன்றாம் வகுப்பு. ஜன்னல் பக்கத்தை அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். நான் இருக்கப்போவது சுவருக்கு அந்தப் பக்கம்.

சிஸ்டர் ஆளுக்கு ஒரு மாதா படம் தந்தார். உள்ளங்கையளவு, பொன் ஓரம் போட்டது. நாங்கள் மூன்று பேரும் வாங்கிக்கொண்டு படியிறங்கினோம். அம்மா இறங்கவில்லை. மேசைக்கு முன்னால் சீலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், இன்னொண்டு இருக்குமோ?"

எனக்குக் கூச்சத்தில் உடம்பு சுருங்கிப்போனது. கோயிலில் வைத்து, அதுவும் ஒரு சிஸ்டரிடம், தந்தது போதாதென்று கேட்கிறாரே.

சிஸ்டர் யாருக்கு என்று கேட்கவில்லை. "எந்தப் புத்தகம் வரைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"நீலம் முடிஞ்சுது. மஞ்சளும் முடிஞ்சுது. பச்சையிலை யோனா இன்னும் மீன் வயித்துக்குள்ளைதான்."

சிஸ்டர் மேசை லாச்சியை இழுத்து, எங்களுடையதைவிடப் பெரிய படமாக ஒன்றைத் தேடி எடுத்தார். பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினார். அம்மா அதை வாங்கி, அங்கேயே நின்று, விரல் வைத்து, உதடு அசைத்து வாசித்தார். பிறகு சட்டைக்குள் வைத்துக்கொண்டார். எங்களுக்குக் காட்டவில்லை.

வீடு போகும் வழியெல்லாம் அதுதான் எங்களுக்குக் கதை. அந்தப் படம் வாத்தியாருக்குத்தான் என்றான் தம்பி. அப்பாவுக்கு என்றேன் நான். அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் நாலாம் வகுப்புக்கு ஏறியவள். மூன்று பிள்ளை, நாலு படம். வீட்டுப் படலை வரைக்கும் விரல் மடித்து மடித்துப் பார்த்தேன். அந்தக் கணக்கு எனக்குச் சரிவரவேயில்லை.